பள்ளிவாசல் கூரையும் கோடை வெயிலும் – ஒரு வரலாற்றுப் பார்வை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நமது உள்பள்ளிக்குக் குளிர்சாதனப் பெட்டிகள் வாங்குவது பற்றி எழுந்த விவாதம் முடிவு காணாமல் இந்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டதை அறிவீர்கள். அன்று இரு தரப்பாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மின்சாரக் கணக்கில் எனக்கு என்ன தெரியும் என்று நான் வாய் திறக்கவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, அன்று பேசாமல் விட்டதை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெயிலும் வெளிச்சமும் பள்ளிவாசலுக்குப் புதிய பிரச்சினைகள் அல்ல. அவற்றுக்கு 1400 ஆண்டு வரலாறு உண்டு.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுடன் மண் சுமந்து எழுப்பிய பள்ளி சுடாத செங்கல்லால் ஆனது. தூண்கள் பேரீச்ச மரத்தண்டுகள். கூரை பேரீச்ச மட்டை. மழை பெய்தால் கூரை ஒழுகும். ரமலானின் ஒரு பின்னிரவில் ஈரமண்ணில் ஸஜ்தா செய்த நபி (ஸல்) அவர்களின் திருநெற்றியில் சேற்றின் அடையாளம் இருந்ததை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவித்திருக்கிறார்கள். வெயிலும் அவ்வாறே. தரையின் சூடு தாங்காமல் ஆடையின் ஓரத்தை விரித்து அதன்மீது ஸஜ்தா செய்தோம் என்று அனஸ் (ரலி) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அந்த வெயிலுக்கு மார்க்கம் தந்த சலுகை 'இப்ராத்'. அதாவது, கடும் கோடையில் லுஹரைச் சற்றுப் பிற்படுத்தி வெப்பம் தணிந்தபின் தொழுவது. பயணம் ஒன்றில் பாங்கு சொல்லப் புறப்பட்டவரை, குன்றுகளின் நிழல் நீளும்வரை நபி (ஸல்) அவர்கள் பொறுக்கச் சொன்னார்கள். எண்ணெயோ விறகோ செலவழியாத குளிர்ச்சி அது. நாம் கடிகாரத்தில் ஜமாஅத் நேரத்தை நிரந்தரமாக எழுதி மாட்டிவிட்டு இந்த ஸுன்னத்தை மறந்துவிட்டோம் என்பதையும் இடையில் சொல்லி வைக்கிறேன்.

உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அப்பள்ளி செதுக்கிய கல்லாலும் காரையாலும் புதுப்பிக்கப்பட்டது. கூரைக்கு 'ஸாஜ்' மரம் பயன்பட்டது. புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், அது இந்தியாவிலிருந்து வரும் மரம் என்று குறிக்கிறார்கள். நாம் தேக்கு என்று சொல்வது அதைத்தான். மதரஸாவில் ஓதிய நாளில் இந்த இடம் வந்தபோது, நம் மேற்குமலைக் காட்டின் வாசனை மதீனா வரை போயிருக்குமோ என்று எண்ணிப் பார்த்தது நினைவிருக்கிறது.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். உறங்கப் போகும்முன் விளக்குகளை அணைக்க வேண்டும் என்ற கட்டளை ஸஹீஹான நூல்களில் உள்ளது. நெருப்பு அபாயத்தைக் கருதிச் சொல்லப்பட்டது அது. செலவைக் கருதிச் சொல்லப்பட்டதற்கு உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு செய்தி கிடைக்கிறது. மதீனாவின் ஆளுநர் தமக்கு மெழுகுவர்த்திச் செலவு ஒதுக்கித் தரும்படி எழுதினார். மழைக்கால இருட்டில் விளக்கின்றி நீர் வீட்டிலிருந்து வெளியேறிய நாட்களை நான் அறிவேன், அன்றைவிட இன்று உமது நிலை மேலானதே என்ற கருத்தில் கலீஃபா பதில் எழுதினார்கள். காகிதம் கேட்டதற்கும், எழுதுகோலை மெல்லியதாக்கி எழுத்தை நெருக்கி எழுதும்படி பதில் போயிற்று. பைத்துல்மால் பணத்தில் எரியும் விளக்குக்கு அன்று இருந்த கணக்கு அது.

தமிழகத்துப் பள்ளிகளுக்கு வருவோம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிகளைப் பார்த்தவர்கள் அவற்றின் கல்தூண் மண்டபங்களை அறிவர். குப்பா இல்லை, உயர்ந்த மினாரா இல்லை. நம் நாட்டுக் கல்தச்சர்களுக்குத் தெரிந்த கைவேலையிலேயே கல் உத்திரமும் கல் பலகையும் கொண்டு எழுப்பிய தட்டையான கூரைகள். கனத்த கல் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்குவதால் லுஹர் நேரத்தில் உள்ளே நுழைந்ததும் உடல் தணியும். கடற்கரை ஊர்களில் வணிகச் செல்வம் இருந்தது, கல் எடுத்தார்கள். உள்நாட்டுச் சிற்றூர்களில் அந்த வசதி இல்லாத ஜமாஅத்துகள் மட்டப்பா என்னும் மச்சுக்கூரையைக் கைக்கொண்டன. நம் பள்ளியும் அவ்வாறே இருந்தது.

அதன் அமைப்பை இளைஞர்கள் கண்டிருக்க மாட்டார்கள். உத்திரங்களின்மீது மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரப்பலகைகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க, கலவை இறுகும். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கனத்த அந்தக் கூரையைத் தாண்டி வெயில் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

2009-ஆம் ஆண்டில் அந்தக் கூரை இடிக்கப்பட்டது. நான் இங்கே பணியேற்ற இரண்டாம் ஆண்டு அது. இரண்டு உத்திரங்களில் கறையான் ஏறியிருந்தது உண்மை. இரண்டை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று மூத்த கொத்தனார் ஒருவர் சொன்னார். மாடி எடுக்க வசதியாக இருக்கும் என்ற யோசனையே வென்றது. தீர்மானத்தில் என் கையொப்பமும் இருக்கிறது. ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் வந்தது. மாடி இன்றுவரை வரவில்லை. அந்த ஆண்டுக் கோடையில்தான், மஃரிபுக்கு நின்றால் தலைக்குமேல் அடுப்பு வைத்தாற்போல் இருக்கிறது என்ற பேச்சு முதன்முதலாக எழுந்தது.

ஒற்றைத்தளக் கட்டடத்தில் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. மெல்லிய காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலை முதல் அதைக் கீழே விடுகிறது. மஃரிபும் இஷாவும் தராவீஹும் அந்த நேரத்தில்தான் அமைகின்றன. விசிறிகள் அந்தச் சூட்டுக் காற்றையே சுழற்றுகின்றன.

இதே கதை எகிப்தில் நடந்தது. அலெக்ஸாண்டிரியாவில் 1900-இல் பிறந்த ஹஸன் ஃபத்ஹி என்னும் கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்பும் மரமும் கிடைக்காமல் தவித்தார். மரச்சாரம் இல்லாமல் மண் செங்கல்லால் வளைவுக் கூரை எழுப்பும் கொத்தனார்கள் தெற்கே அஸ்வான் பகுதி நூபியக் கிராமங்களில் இன்னும் இருப்பதைக் கண்டு அவர்களை அழைத்து வந்தார். பல்கலைக்கழகம் கற்றுத் தராததை எழுத்தறியாத அந்தக் கைகளிடம் தாம் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார்.

1945 முதல் 1948 வரை, லக்ஸருக்கு எதிர்க்கரையில் 'புதிய குர்னா' என்ற கிராமத்தை அவர் கட்டினார். பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு, முற்றம் வைத்த வீடுகள் யாவும் மண். பழைய குர்னாவாசிகள் பிர்அவ்ன் காலத்துக் கல்லறைகளின்மீது குடியிருந்து அவற்றைத் தோண்டிப் பிழைத்தவர்கள். அவர்களை அங்கிருந்து பெயர்த்தெடுப்பதே அரசின் நோக்கம். மக்கள் வர மறுத்தார்கள். கரையை உடைத்துப் புதிய கிராமத்துக்குள் தண்ணீரையும் விட்டார்கள். திட்டம் பாதியில் நின்றது. கட்டடம் எத்தனை நல்லதாயினும், குடியிருக்கப் போகிறவர்களின் சம்மதத்தை அரசு முன்கூட்டிப் பெறாத குறை அந்தக் கிராமத்தை வீழ்த்தியது. ஃபத்ஹி தம் தோல்வியை மறைக்காமல் நூலாக எழுதினார். அதன் ஆங்கிலப் பதிப்பு 1973-இல் 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

1964-இல் கெய்ரோவின் கட்டட ஆராய்ச்சி மையத்தில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். சுவரும் வளைவுக் கூரையும் மண் செங்கல்லாலான ஓர் அறை. சுவரும் கூரையும் மெல்லிய காங்கிரீட் பலகைகளாலான மற்றோர் அறை. இரண்டிலும் ஒரு முழு நாள் வெப்பத்தை அளந்தார்கள். மண் அறை 21 முதல் 23 பாகைக்குள் நின்றது. காங்கிரீட் அறை 36 பாகை வரை ஏறியது. அது வெளிக்காற்றைவிடவே 9 பாகை அதிகம். வெளியில் மரத்தடியில் நிற்பவரைவிட அறைக்குள் இருப்பவர் அதிகம் வெந்தார் என்று பொருள். நமது உள்பள்ளியை விட்டு வெளித்தாழ்வாரத்தில் தொழ விரும்பும் முதியவர்களை நினைத்துக்கொண்டேன்.

மலைக்கு மேற்கே, செங்கோட்டை வழியாகப் பேருந்தில் போய்விடும் தூரத்தில், இன்னொருவர் இதே வழியில் நடந்தார். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்த லாரி பேக்கர், காந்தியடிகளைப் பம்பாயில் சந்தித்த பின் இந்தியாவுக்கே வந்து குடியேறியவர். கட்டடத்துக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதாக அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் குடியேறி, ஏழைகளின் வீடு முதல் வளர்ச்சி ஆய்வு மையம் வரை எத்தனையோ கட்டடங்களை எழுப்பி, 2007-இல் அங்கேயே மறைந்தார்.

அவர் பரப்பிய முறைகள் இரண்டை நம் கொத்தனார்களும் செய்ய முடியும். ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. கல்லில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. மற்றொன்று கூரையைச் சேர்ந்தது. காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதி பெரும் சுமையைத் தாங்குவதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையில் பழைய நாட்டோடுகளையோ மங்களூர் ஓடுகளையோ பதித்துக் கலவையை ஊற்றலாம். சிமெண்டும் குறையும், எடையும் குறையும். 1985-இல் அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கோஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இம்முறைகளைக் கேரளமெங்கும் கொண்டு சென்றது. தமிழ் நிலத்தில் ஆரோவில் மண் கட்டட நிறுவனம், மண்ணில் சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திய சுடாத கற்களை 1989 முதல் பரப்பி வருகிறது.

சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கருத வேண்டாம். துலுக்கப்பட்டியிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலை கண்ட மாவட்டம் நம்முடையது. அந்தச் சோற்றை உண்டவர்கள் நம் ஜமாஅத்திலும் உண்டு. ஆயினும் சுண்ணாம்புக்கல்லை 1450 பாகை வரை சுட்டே சிமெண்ட் ஆக்க வேண்டும் என்பதும், உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது என்பதும் உண்மை. வீட்டுச் சுண்ணாம்புக்கு 900 பாகை போதும். இறுகும்போது விட்ட வாயுவில் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளிழுத்துக்கொள்கிறது.

தமிழக அரசு 2011-இல் கொண்டுவந்த பசுமை வீடுகள் திட்டத்தால் 'பசுமை வீடு' என்ற சொல் நம் கிராமங்களுக்கெல்லாம் அறிமுகமாயிற்று. 300 சதுர அடி வீடு, ஐந்து சூரிய ஒளி விளக்குகள். ஏழைகளுக்கு வீடு கிடைத்தது பெரிய காரியம். எனினும் விளக்குதான் பசுமை. கூரை அதே காங்கிரீட்.

ஊர் மக்களே முன்வந்து செய்த காரியத்துக்கு ஓடந்துறையைச் சொல்வேன். கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த இந்த ஊராட்சியில் குடிநீர் இறைக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. தலைவர் சண்முகம் அவர்களின் காலத்தில் முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கருவியை நிறுவினார்கள். பின்னர் 2006-இல், உடுமலைப்பேட்டைப் பக்கம் மயிலாடும் காற்றை நம்பி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். விலை ஒரு கோடியே 55 லட்சம்; அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். ஊரின் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று அந்த வருவாயில் கடனைக் கட்டினார்கள். ஒரு ஊராட்சி கடன் வாங்கிக் காற்றாலை வாங்குமா என்று சிரித்தவர்கள் அன்று இருந்திருப்பார்கள். நம் பொதுக்குழுவிலும் அப்படிச் சிரிப்பவர்கள் இருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

நமக்கு அண்டையில் ராஜபாளையத்தை 2041-ஆம் ஆண்டிற்குள் கரிம வெளியீட்டில் சமநிலை அடைந்த நகராக ஆக்குவது என்னும் இலக்கு முன்வைக்கப்பட்டிருக்கிறது. நகரில் எரியும் விளக்கு, ஓடும் வண்டி, சேரும் குப்பை, எழும் கட்டடம் ஆகிய அனைத்தையும் கணக்கில் கொள்ளும் முயற்சி அது. அங்கே எழுதப்படும் கணக்கில் கிருஷ்ணன்கோவிலுக்கும் வத்திராயிருப்புக்கும் இடையில் உள்ள நமது சுந்தரபாண்டியம் வராது. நம் கணக்கை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

பள்ளிவாசல்களே இத்துறையில் முன்னிற்கும் நாடு மொரோக்கோ. அந்நாட்டின் வக்ஃபு அமைச்சகம், எரிசக்தித் துறையோடும் ஜெர்மானிய உதவியோடும் 'பசுமைப் பள்ளிவாசல்கள்' திட்டத்தைத் தொடங்கியது. 600 பள்ளிகளில் விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுதல், ஒளுவுக்கான வெந்நீரைச் சூரிய வெப்பத்தால் பெறுதல், மேல்தளத்தில் சூரியத் தகடு அமைத்தல் ஆகியவை இலக்கு. 2016-இல் மராகேஷில் உலகப் பருவநிலை மாநாடு கூடியபோது அந்நகரின் புகழ்பெற்ற குத்பிய்யா பள்ளி இதில் சேர்ந்திருந்தது. மின்செலவில் 40 விழுக்காடு குறைப்பதே நோக்கம். மலைப்பகுதியில் தத்மாமத் என்ற சிற்றூரில் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் பள்ளி எழுந்தது. மிஞ்சும் மின்சாரம் ஊருக்கும் பயன்படுகிறது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளி புதுப்பிக்கப்பட்டபோது சூரியத் தகடுகள் பதித்து, 2022-இல் உலக வங்கிக் குழுமத்தின் பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பெற்றது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2019-இல் திறக்கப்பட்ட பள்ளியில் மரத்தூண்கள் கிளை விரித்துக் கூரையைத் தாங்குகின்றன. பகலில் கூரைச் சாளரங்களின் ஒளியே பெரும்பாலும் போதும். குளிர்நாட்டுப் பள்ளி அது. நமக்கு அப்படியே பொருந்தாது.

இனி நம் பள்ளி. உள்பள்ளியில் 22 விசிறிகள் ஓடுகின்றன. பழைய வகை ஆதலால் ஒன்றுக்கு 75 வாட்; மொத்தம் 1650 வாட். இப்போது கிடைக்கும் 30 வாட் விசிறிகளை மாட்டினால் 660 வாட்டில் அதே காற்று வரும். கேட்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டிகள் எட்டு. ஒன்றரை டன் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கும் என்றால், மொத்தம் 12 கிலோவாட். விசிறிகள் அனைத்தும் இன்று இழுப்பதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். கதவுகளை அடைக்க வேண்டும். ஒவ்வொரு வக்துக்கும் வருவோர் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். சூடேறிய கூரை மேலே அப்படியே இருக்கும். அக்கூரையோடு போராடவே பெட்டிகள் மின்சாரத்தைச் செலவழிக்கும். இது என் கணக்கு. மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்கலாகாது. நெஞ்சுநோய் உள்ள முதியவர்களும் நோன்பு வைத்த தறிக்காரர்களும் பின்வரிசையில் மயங்கி உட்கார்ந்ததை நானும் கண்டிருக்கிறேன். சிக்கனம் பேசி அவர்களை வாட்ட எனக்கு உரிமை இல்லை. கூரையைச் சரிசெய்த பின்னும் போதாது என்றால், ஒரு மூலையில் அவர்களுக்கென இரண்டு பெட்டிகள் வைப்பதை நானே முன்மொழிவேன்.

கூரையைச் சரிசெய்ய என்ன வழி என்று விசாரித்தேன். மலிவானது வெள்ளைப் பூச்சு. அகமதாபாத் நகரம் தன் வெப்பத் தடுப்பு முயற்சிகளில் குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடித்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆண்டுதோறும் மறுபூச்சு வேண்டும் என்பது குறை. நீடித்து நிற்பது, இப்போதுள்ள தளத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் அடித்துத் தட்டோடு பதிப்பது. தளம் அந்த எடையைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாடி எடுப்பதற்கென்றே போட்ட தளம் ஆதலால் தாங்கும் என்பது என் எண்ணம். முடிவு அவர் கையில்.

இந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை என்று சிலர் சொன்னார்கள். முத்தவல்லியும் நானும் சென்ற மாதம் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு முதிய கொத்தனாரைத் தேடிப் போனோம். எழுபதைக் கடந்தவர், கண் சற்று மங்கல். 2009-இல், இரண்டு உத்திரத்தை மட்டும் மாற்றுங்கள் என்று சொன்னவர் அவரே என்பது திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் அதை நினைவுபடுத்தவில்லை; நாங்கள்தான் கேட்டோம். "அது போகட்டும் அஸ்ரத், தட்டோடு எத்தனை வேணும்னு மொதல்ல அளந்து வாங்க" என்றார். கடுக்காய் ஊறுவதற்கே பல நாள் பிடிக்கும் என்றும், அடிக்க ஆள் பழக்க வேண்டும் என்றும், மழைக்கு முன் முடிய வேண்டுமானால் சித்திரைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். தம் பேரனை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார்.

தளத்தை அளந்துவிட்டோம். நீளம் 52 அடி, அகலம் 34 அடி. அளவுச் சீட்டு செயலாளரிடம் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு வருவோர் பார்வையிடலாம்.